அடைப்பே வராத குழாய்

டெல்லிக்கு வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு கைலி, இரண்டு சட்டை, ஐந்தாம் வகுப்பு வரை போன படிப்பு, இவ்வளவுதான் இருந்தன. அந்த ஐந்தாம் வகுப்பையும் முழுதாக முடிக்கவில்லை. இந்தக் கைகளால் என்னென்ன கட்டினேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். யமுனைக்குக் கிழக்கே, மண் கொட்டி மேடாக்கிய தரையில், ஏழு குடியிருப்புகளுக்குத் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் போட்டேன். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை வரிசை கட்டிக் கொடுத்தேன். அதற்கு முன்னால் பிள்ளைகள் மதில் ஓரம் போய்க்கொண்டிருந்தார்கள். மட்டம் பார்க்கும் கருவி வாங்க வழியில்லாத காலத்தில், ரப்பர் டியூபில் தண்ணீர் நிரப்பி, இந்த முனையில் நான், அந்த முனையில் ஓர் ஆள் என்று பிடித்தே ஒரு முழுத் தெருவுக்குச் சரிவு கொடுத்தேன். பிறகு இன்ஜினியர்கள் கருவியோடு வந்து பார்த்தார்கள். ஒரு விரற்கடை மாறவில்லை. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் வந்தவன், பத்து வருடத்தில் இந்திக்காரர்கள் நாற்பது பேரை வைத்து வேலை வாங்கினேன். என் பெண்கள் இரண்டு பேரையும் பட்டதாரியாக்கினேன். மயூர் விஹாரில் நானே குழாய் போட்ட கட்டடத்தில் எனக்கென்று ஒரு வீடு வாங்கினேன்.

கடைசியாக, எழுபது வயதுக்கு மேல், முழங்கால் இரண்டும் மடங்காமல் போன பிறகு, அதே குடியிருப்பின் பின்மதில் ஓரத்தில், நூற்றிருபது வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்து வெளியே விடும் ஒரு சின்ன நிலையத்தைக் கொண்டுவந்தேன். இடம் இல்லை என்றார்கள். நாறும் என்றார்கள். மலத்தை யாராவது வாசலில் வைத்துக்கொள்வார்களா என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அத்தனை பேரையும் தாண்டித்தான் அது வந்தது.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். எங்கள் குடியிருப்புக்கு முதன்முதலில் நான் போட்ட கழிவுக் குழாய். முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட அது அடைத்துக்கொண்டதில்லை. அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் மழைக்காலம் வந்தால் கழிப்பறை பொங்கி வழியும். எங்களுக்கு அப்படி நடந்ததே இல்லை. அதற்காக எனக்குச் சால்வை போர்த்தினார்கள், மாலை போட்டார்கள். அந்தக் குழாய்தான் இன்றும் என் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அது அடைத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. எங்கள் இடம் ஆற்றங்கரைத் தாழ்வு. முன்பக்கத்தில் இருக்கும் ஒரு கட்டடம் மட்டும் மேட்டில் இருக்கிறது. பின்பக்கம் மூன்று கட்டடங்களும் பள்ளத்தில். சாலையில் போகும் பெரிய சாக்கடைக் குழாயோ அந்தப் பள்ளத்தைவிட இரண்டு முழம் உயரத்தில் இருந்தது. பின்பக்கக் கழிவு அதில் போய்ச் சேர வேண்டுமானால், ஒரு தொட்டியில் தேக்கி, மோட்டார் வைத்து மேலே ஏற்ற வேண்டும். வரைபடத்திலும் அப்படித்தான் இருந்தது. மோட்டார் வரவில்லை. வீடு ஒப்படைக்கும் நாள் வந்துவிட்டது. சாவி வாங்குவதற்காக ஜனங்கள் வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான் ஏற்றிய டெம்போவோடு வாசலில் நின்றார்கள்.

பின்மதிலுக்கு அப்பால் ஒரு மழைநீர்க் கால்வாய் போகிறது. டெல்லியில் அதை நாலா என்பார்கள். மழைத் தண்ணீர் மட்டும் போவதற்காக வெட்டியது. நேராக யமுனையில் போய் விழுகிறது. எங்கள் பள்ளத்தைவிட அது ஆழம். ஒரு விடியற்காலையில் நான் பள்ளம் தோண்டி, மதிலுக்கு அடியில் துளை போட்டு, பின்பக்கக் குழாயை அந்த நாலாவுக்குத் திருப்பிவிட்டேன். மோட்டார் வரும்வரைக்கும் என்றுதான் நினைத்தேன். இணைப்பு தெரியாமலிருக்க அதன்மேல் ஒரு சிமெண்டு மேடை கட்டினேன். உட்காருவதற்கு வசதியாக, கைப்பிடி வைத்த மேடை.

மோட்டார் பிற்பாடு வந்தது. அதற்குள் கழிவு தங்குதடையில்லாமல் போவதைப் பார்த்து எல்லோரும் என்னைப் புகழ ஆரம்பித்திருந்தார்கள். மோட்டாரே இல்லாமல் எப்படி இறக்கினீர்கள் என்று கேட்டார்கள். சரிவிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன் என்று சொன்னேன். கரண்டும் மிச்சம், கவலையும் மிச்சம் என்று மோட்டாரை அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். பூட்டச் சொன்னவனும் நான்தான்.

என் மனைவி சேலத்துக்காரி. நான் அதிகம் பேசுவேன், அவள் கொஞ்சமாகப் பேசுவாள். ஆனால் அந்தக் கொஞ்சத்திலேயே என்னை உட்கார வைத்துவிடுவாள். நான் யாரிடமாவது என் பெருமையைச் சொல்லத் தொடங்கினால், “ஆரம்பிச்சாச்சா, நான் போயி அரிசியக் களைஞ்சு வெச்சுட்டு வாறேன், அதுக்குள்ள முடியாது” என்று எழுந்து போவாள். ஆனால் இந்தக் குழாய் விஷயத்தில் மட்டும் அவளே என்னைப்பற்றிப் பேசுவாள். எங்கள் வீட்டுக்காரர் போட்ட லைன் என்று நம் ஊர்க் காய்கறி கிடைக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

ஆடிப்பெருக்கு அன்று எங்கள் குடியிருப்புத் தமிழ்ப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து யமுனைக்குப் போவார்கள். காளிந்தி குஞ்ச் பக்கம் ஒரு படித்துறை. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு போய், வாழையிலைத் துண்டில் விளக்கேற்றித் தண்ணீரில் விடுவார்கள். காவிரியில் செய்ததை இங்கே யமுனையில் செய்தார்கள். வந்த இடத்து ஆறும் ஆறுதானே என்பாள் அவள். முதல் மாடியில் ஒரு கும்பகோணத்து அம்மா இருக்கிறார். அவரும் இவளும்தான் அதற்கு முன்னின்று ஏற்பாடு செய்வார்கள். நான் வண்டி பிடித்துக் கொடுத்துக் கூடவே போவேன்.

வருடத்துக்கு வருடம் அந்தத் தண்ணீர் கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு வருடம் விளக்கை விடக் குனிந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க, இத்தன நாத்தம் எங்கிருந்துங்க வருது?”

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவன் நான். ஊரெல்லாம் வந்து விழுகிறது, டெல்லி என்ன சின்ன ஊரா என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். பெரிய பெரிய நாலாக்கள் வந்து விழுகின்றன, எங்களுடையது அதில் ஒரு நூல். ஆனால் அவள் கேட்டது என்னிடம். அவள் நின்ற அந்தப் படித்துறை எங்கள் நாலா ஆற்றில் சேரும் இடத்துக்குக் கீழே இருக்கிறது. பின்பக்கக் கட்டடத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் காலையில் கழுவிவிட்டது அவள் விளக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு அது அந்த நிமிடமே தெரியும். அதை மட்டும் சொல்லாமல் மறைத்துவிட்டேன். அடுத்த வருடத்திலிருந்து அவர்கள் போவதை நிறுத்திவிட்டார்கள். பால்கனியில் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் நிரப்பி அதில் விளக்கு விட்டார்கள்.

அவள் ஓர் ஐப்பசி மாதத்தில் போனாள். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். அஸ்தியைக் கரைக்க ஹரித்வார் போகலாம் என்று டெல்லியின் மேற்குக் கோடியில், துவாரகாவில் இருக்கும் பெரிய மகள் சொன்னாள். நான்தான், உங்கள் அம்மா விளக்கு விட்ட இடம் இருக்கும்போது ஹரித்வார் எதற்கு என்று சொல்லி, அந்தப் படித்துறைக்கே கொண்டுபோனேன். அந்த மாதத்தில் யமுனையில் வெள்ளை வெள்ளையாக நுரை மிதக்கும். சோப்பும் கழிவும் கலந்த நுரை. தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு மாதிரி இருக்கும். படகுக்காரர் எங்களை அதன் நடுவே கொண்டுபோனார். பானையைச் சாய்த்தேன். சாம்பல் தண்ணீருக்குள் இறங்கவில்லை. நுரையின்மேல் அப்படியே உட்கார்ந்துகொண்டது. படகுக்காரர் துடுப்பால் லேசாகத் தட்டி, “ஹோ ஜாயேகா, பாபுஜி” என்றார். ஆகிவிடும் என்று அர்த்தம். ஆகவில்லை. நுரை பிளந்தது, மூடிக்கொண்டது, சாம்பல் மேலேயே இருந்தது. கடைசியில் நான் கையை விட்டு அழுத்தினேன். மணிக்கட்டுவரை உள்ளே போன கையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஐம்பது வருடமாக எனக்குத் தெரிந்த நாற்றம். என் தொழிலின் நாற்றம். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அம்மாவை நினைத்து அழுகிறாள் என்று படகுக்காரர் நினைத்திருப்பார். “ஹரித்வாருக்கே போயிருக்கலாம்பா” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு தொல்லை ஆரம்பித்தது. மேல் வீடுகளிலிருந்து இறங்கும் கழிவுக் குழாய் எங்கள் குளியலறைச் சுவரை ஒட்டிப் போகிறது. காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு வீடாகத் தண்ணீர் விடுவார்கள். எந்த மாடி, எந்த வீடு என்று சத்தத்தை வைத்தே சொல்வேன், அது என் தொழில். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் பெருமையாக இருக்கும், நம் குழாய் ஓடுகிறது என்று. இப்போது ஒவ்வொரு சத்தத்தையும் என் மனது பின்னாலேயே துரத்திக்கொண்டு போனது. சுவரில் இறங்கி, தரைக்கு அடியில் போய், மேடைக்குக் கீழே திரும்பி, மதிலைத் தாண்டி, நாலாவில் விழுந்து, அந்த நுரைவரைக்கும். அங்கே போனதும் அவள் குரல். எங்கிருந்துங்க வருது? பல் துலக்கிக்கொண்டிருப்பேன், கேட்கும். பேப்பரைப் பிரித்தால் கேட்கும். இத்தனைக்கும் நான் பேய், பிசாசு எதையும் நம்புகிறவன் இல்லை. திறந்து கிடந்த எத்தனையோ பள்ளங்களுக்குள் தனியாக இறங்கியிருக்கிறேன்.

அவள் சாயங்காலம் கீரை ஆய்வதற்கு உட்காருவது அந்த மேடையில்தான். காற்று வருகிற இடம் என்பாள். அந்தப் பக்கம் போவதை நான் விட்டுவிட்டேன்.

சும்மா உட்கார்ந்து புலம்புகிற ஆள் நான் இல்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் சின்ன நிலையங்களைக் குடியிருப்புகளுக்குள்ளேயே வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய் நாலைந்தைப் பார்த்தேன். படித்தவர்கள் இதைப் பெரிய விஞ்ஞானமாகச் சொல்வார்கள். எனக்குப் புரிந்ததை நான் சொல்கிறேன். அழுக்குக்குப் பசி உண்டு. அதைத் தின்று கரைக்கும் கிருமிகள் அதிலேயே இருக்கின்றன, அவற்றுக்குக் காற்று வேண்டும். அழுக்கை அப்படியே ஆற்றில் விட்டால், ஆற்றுத் தண்ணீரில் இருக்கும் காற்றையெல்லாம் அவை குடித்துவிடும். மீனுக்கு மூச்சு இருக்காது, தண்ணீர் செத்துக் கறுத்துவிடும். அதே அழுக்கை நம் வீட்டிலேயே ஒரு தொட்டியில் வைத்து, அடியிலிருந்து காற்றை ஊதிக் கொடுத்தால், கிருமிகள் இங்கேயே தின்று முடித்துவிடும். மிச்சம் அடியில் சேறாகத் தங்கும். மேலே தெளிந்த தண்ணீரைக் கல்வாழையும் நாணலும் நட்ட சரளைப் படுக்கையில் ஓட விட்டால், வேர்கள் இன்னும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தண்ணீர் செடிக்குப் போகும். மீதியை ஆற்றுக்குப் பயப்படாமல் விடலாம். நாம் கொடுக்க வேண்டிய காற்றை ஆறு கொடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

இரண்டு வருடம் அலைந்தேன். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் திருநெல்வேலிக்காரர், மத்திய அரசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கோப்பு, குறிப்பு, கையெழுத்து எல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. முதலில் என்னைக் கிண்டல் செய்தார்.

“என்ன அண்ணாச்சி, அடைப்பே வராத லைன் போட்டுட்டு, இப்ப அத நம்ம வீட்டுக்குள்ளேயே சுத்த விடணும்ங்கிய?”

விடாமல் பின்னால் போனேன். பிள்ளைகள் விளையாடும் இடம் போகாது என்று கயிறு பிடித்து அளந்து காட்டினேன். நாற்றம் வராது என்பதற்கு, ஐந்து பேரை வேன் வைத்து அழைத்துப்போய், வேறொரு குடியிருப்பின் தொட்டி ஓரத்தில் நிற்க வைத்து டீ குடிக்க வைத்தேன். கடைசியில் பொதுக்குழு சம்மதித்தது. வடிவமைக்க ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. வரைபடத்தை விரித்து, எல்லாக் கழிவும் முன்வாசல் பக்கத் தொட்டியில்தானே வந்து சேருகிறது, அதன் பக்கத்திலேயே நிலையத்தை வைத்துவிடலாம் என்றார். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் யோசித்தேன். அவர் சொன்னபடி முன்வாசலில் கட்டினால், மேட்டில் இருக்கும் ஒரு கட்டடத்துக் கழிவு மட்டும் அதில் வரும். ஊதும் இயந்திரம் ஓடும், கல்வாழை பூக்கும், நாலு பேர் வந்து படம் எடுப்பார்கள், நான் பக்கத்தில் நிற்பேன். பின்பக்கம் மூன்று கட்டடக் கழிவும் எப்போதும்போல மேடைக்கு அடியில் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு நிலையம் கிடைக்கும், பெருமையும் கிடைக்கும். ஆற்றுக்கு ஒன்றும் கிடைக்காது. வாயைத் திறந்தால் நிலையம் ஒழுங்காக வரும், ஆனால் முப்பது வருடமாக நான் வாங்கிய மாலையெல்லாம் பொய் என்று ஆகும். இதுதான் என் முன்னால் இருந்தது. நான் பேசாமல் இருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், பேசாமல்தான் இருந்தேன்.

அந்த இன்ஜினியர் கெட்டிக்காரர். எவ்வளவு கழிவு வருகிறது என்று முன்வாசல் தொட்டியில் அளந்து பார்த்தார். நூற்றிருபது வீட்டுக்கு இது ரொம்பக் குறைவாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டார். ஒரு சனிக்கிழமை காலை, பின்பக்கக் கட்டடத்துக் குழாயில் ஒரு வாளி பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினார். முன்வாசல் தொட்டியின் மூடியைத் திறந்துவைத்து, அதன் ஓரத்திலேயே குந்தினார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. ஆளை அனுப்பி இன்னொரு வாளி சாயம் ஊற்றச் சொன்னார். முன்கட்டடத்துச் சோப்புத் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அச்சா அங்கிள், நீங்கதானே லைன் போட்டீங்க? பின்னாடி தண்ணி எங்கதான் போகுது?”

அவள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். இந்தப் பெண் எங்கே போகிறது என்று கேட்டார். இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். எங்காவது உடைந்து மண்ணில் இறங்கியிருக்கும், பார்க்கிறேன் என்று ஏதோ சொன்னேன். எழுந்து, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, பின்கேட் வழியாக வெளியே போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் நாலா ஓரத்தில் நின்று பார்த்தேன். கறுப்புத் தண்ணீரின் நடுவில் பச்சை நாடா ஒன்று நெளிந்து நெளிந்து போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒரு பச்சையை நான் எந்தச் செடியிலும் பார்த்ததில்லை. உயிருள்ளது மாதிரி அது ஆற்றுப் பக்கம் திரும்பிப் போனது. எத்தனை வருடமாக இந்தப் பாதையில் போயிருக்கிறது, அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். என்னை அறியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் பொத்தியது மாதிரியே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பொதுக்குழு. சமுதாயக் கூடத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். இன்ஜினியர், கழிவு போகும் இடம் தெரியவில்லை, எங்கோ கசிகிறது, குழாய் முழுவதையும் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். உடனே சலசலப்பு. இதற்குத்தான் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றோம், திட்டத்தையே கைவிடுங்கள் என்று இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். செயலாளர் அவர்களை அமர்த்துவதற்காக என்னைக் காட்டினார். அண்ணாச்சி போட்ட குழாய் கசியாது, முப்பது வருடமாக நாம் பார்க்கவில்லையா என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

“கசியலைங்க. நான்தான் பின்னால நாலாவுக்குத் திருப்பி விட்டேன். மேடைக்குக் கீழ இருக்குது. ஆத்துலதான் போயிட்டிருக்குது, முப்பது வருசமா.”

யாரோ ஒருவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், எனக்குப் பேச வரும். இரண்டாம் வரிசையிலிருந்து கும்பகோணத்து அம்மா எழுந்தார். என் மனைவியை அக்கா என்று கூப்பிடுபவர்.

“அண்ணா, அப்ப நானும் அக்காவும் வெளக்கு விட்டோமே, அந்தத் தண்ணி?”

ஆமாம் என்றேன்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கூடத்தைவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. லிஃப்டில் எதிரே வந்தால் படியில் ஏறிப் போகிறார், அவருக்கும் முழங்கால் வலி உண்டு.

மேடையை உடைக்க ஆள் வைக்கலாம் என்றார்கள். நான் விடவில்லை. கட்டியவன் நான், முதல் கடப்பாரை என்னுடையது என்று சொன்னேன். இந்த வயதில் பத்துப் போடு போட்டேன். மிச்சத்தை ஆட்கள் போட்டார்கள். நாலடிக்குக் கீழே குழாய் தெரிந்தது. இணைப்பில் பூசிய சிமெண்டு நேற்றுப் பூசியது மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில், பூசி முடித்த ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் காய்வதற்குள் என் கட்டைவிரலை அழுத்துவது என் பழக்கம். என் வேலை என்று தெரிய வேண்டும் அல்லவா. மற்ற எல்லா இடத்திலும் செய்ததை, ஒளித்துவைத்த இந்த இணைப்பிலும் மறக்காமல் செய்திருந்தேன். ரேகைகூட அழியாமல் இருந்தது. இன்ஜினியர் குனிந்து பார்த்து, இது என்ன அடையாளம் என்று கேட்டார். நான் என் விரலை நீட்டிக் காட்டினேன். 

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேலை. நிலையத்தை முன்வாசலில் கட்டும் யோசனையை மாற்றி, பின்மதில் ஓரத்துக்குக் கொண்டுவந்தோம். கழிவு இயல்பாக இறங்கும் இடம் அதுதான் என்று எனக்குத்தானே தெரியும். தொட்டிக்குப் பள்ளம் எடுத்தபோது ஊற்று பொங்கியது, ஆற்றங்கரை மண் அப்படித்தான். எந்த இடத்தில் மண் சரியும் என்று நான் சொல்லச் சொல்லப் பலகை அடித்தார்கள். நாலாவுக்குப் போன துளையை நானே கல் வைத்து அடைத்தேன். முதல் மாதம் தொட்டியில் வெறும் பழுப்புத் தண்ணீர்தான். கிருமிகள் பிடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த வேறொரு நிலையத்திலிருந்து இரண்டு டிரம் சேறு கொண்டுவந்து ஊற்றச் சொன்னேன். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி. இன்ஜினியரும் அதையேதான் நினைத்திருந்தார் என்று பிறகு சொன்னார், ஆனால் முதலில் சொன்னது நான். பிடித்துக்கொண்டது.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு அங்கேதான் நிற்கிறேன். கண்ணாடிக் குவளையில் தண்ணீரைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பேன். அடியில் என் விரல் தெரியும். தோட்டத்துக்குப் போக மீதி, மதிலைத் தாண்டி நாலாவில் விழுகிறது. கறுப்புத் தண்ணீருக்குள் அது தெளிவாக மூன்று முழ நீளத்துக்குத் தெரியும். அதற்கப்பால் கறுப்பு அதை விழுங்கிவிடும், ஏனென்றால் மேலே இருந்து மற்றவர்களுடையது வந்துகொண்டே இருக்கிறது. மூன்று முழம். அந்த மூன்று முழத்தைக் கொடுத்தது எங்கள் நிலையம். ஒவ்வொரு குடியிருப்பும் ஆளுக்கு மூன்று முழம் கொடுத்தால் ஆறு தானாக வந்துவிடும் என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

நிலையம் ஓட ஆரம்பித்ததும் அவள் குரல் நின்றுவிட்டது என்று நான் எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். நிற்கவில்லை. தொட்டிக்குள் காற்று குமிழியிடும் சத்தம், கனமான ஆள் ஒருவர் தூங்கும்போது மூச்சு விடுவது மாதிரி இருக்கும். அதற்குள்ளிருந்து வருகிறது, அதே கேள்வி. முன்பு பதில் சொல்லாமல் ஓடினேன். இப்போது நின்று, என்னிடமிருந்துதான் என்று சொல்கிறேன். மறுநாள் மறுபடியும் கேட்கிறாள். முப்பது வருடம் விட்டது எங்கே போகும்? ஆற்றின் அடியில் சேறாக எங்கோ கிடக்கும். அவள் சாம்பலும் அங்கேதான் கிடக்கும்.

போன மாதம் துவாரகாவிலிருந்து ஒரு குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் நிலையத்தைப் பார்க்க வந்தார்கள். செயலாளர் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். நான் கல்வாழை ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முன்பு கழிவு எங்கே போனது என்று ஒருவர் கேட்டார். அந்தக் காலத்தில் ஒரு காண்டிராக்டர் ஏதோ தவறாக இணைத்துவிட்டார், பிறகு கமிட்டி கண்டுபிடித்துச் சரிசெய்தது என்றார் செயலாளர். அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் போன பிறகு விஷயம் தெரிந்தது. நிலையத்தின் சுவரில் பதிக்க ஒரு கருங்கல் பலகை தயாராகிக்கொண்டிருக்கிறது. தலைவர், செயலாளர், இன்ஜினியர், கமிட்டி உறுப்பினர்கள் எல்லோரையும் அதில் பொறிக்கிறார்கள். என்னை விட்டுவிட்டார்கள். கேட்டேன். செயலாளர் என் வீட்டுக்கே வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“உங்களுக்காகத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி. உங்கள அதுல போட்டா, யாருன்னு கேப்பான், அந்தப் பழைய குழாக் கதையும் சேந்து வரும். ரெண்டையும் விட்டுருவோம். நீங்க கௌரவமா இருங்க.”

நல்ல மனதோடுதான் சொன்னார். டீ கொடுத்து அனுப்பினேன். ஆனால் என் கௌரவத்தைக் காப்பாற்ற ஏற்கெனவே ஒரு தடவை ஒரு குழாயைப் புதைத்தாயிற்று. மறுபடியும் ஒரு தடவை என்னால் முடியாது.

கமிட்டிக்கும், இதைப் படிக்கும் எங்கள் குடியிருப்புக்காரர்கள் அத்தனை பேருக்கும் நான் சொல்வது இதுதான். கல் வெட்டுகிறவரிடம் போய்ப் பலகையை அளந்து பார்த்துவிட்டு வந்தேன். கீழே இரண்டு வரிக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. பின்பக்கம் மூன்று கட்டடத்துக் கழிவையும் முப்பது வருடம் யமுனையில் விட்டவன் இவன் என்று முதல் வரியில் என்னைப் போடுங்கள். அதை வாய்விட்டுச் சொல்லி, தோண்டி எடுத்து, அடைத்து, இந்த நிலையத்தை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவனும் இவன்தான் என்று அடுத்த வரியில் போடுங்கள். இரண்டும் என் வேலை. முதல் வரிக்கு வெட்கப்பட்டு இரண்டாவதை விட்டுக்கொடுக்க மாட்டேன், இரண்டாவது வரிக்கு ஆசைப்பட்டு முதல் வரியை மறைக்கவும் மாட்டேன். பலகையை இன்னும் பதிக்கவில்லை. என் பங்கை முழுசாக எழுதிவிட்டுப் பதியுங்கள்.